தோல் தடித்த பழம்

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டு ஜன்னல்களைத் திறக்கவே இல்லை. மூடுபனி கண்ணாடி வரைக்கும் வரும். நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்க்கும். கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கழுத்தில் முகக்கவசம் தொங்க, என் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் நிற்கும். பிறகு சில்வர் ஓக் மரங்களுக்குள் நுழைந்து, பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விடும். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்குள் கேட்காமல் வந்து போய்க்கொண்டிருந்த பனி அது. அதை வாசலோடு நிறுத்திவைத்தவன் நான்.

ஈரம் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுவரில் பூக்கிற பூஞ்சணம் ஆகாது. மண் ஆகாது, மக்கின இலை ஆகாது. கோழி, பூனை, புறா ஆகாது. கூட்டம் ஆகாது. சேர்வராயன் மலையில் இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று நான் கேட்கவில்லை. அவள்தான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் நான் மலையேறி எதுக்குங்க? போட்டோவுலயே பாத்துக்கலாமே."

கீழே, சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவளுக்கு இன்னொருவரின் சிறுநீரகத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் இறந்திருக்கிறார். அந்த வீட்டார் அழுகைக்கு நடுவே சரி என்று தலையசைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் தெரியும். வந்து சேர்ந்ததை அவள் உடம்பு அயலான் என்று கண்டுகொண்டு விரட்டிவிடக் கூடாது. அதற்காகக் காலையும் மாலையும் மாத்திரை. "உடம்புக்குன்னு ஒரு காவல் இருக்கு. இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்குது" என்று டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். "முழுசாத் தூங்கினாலும் ஆபத்து. முழிச்சுக்கிட்டாலும் ஆபத்து. அரைத் தூக்கத்திலேயே வச்சிருக்கணும்."

அரைத் தூக்கம். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வந்து நிற்கிற சொல் அதுதான். அவள் உடம்பு அரைத் தூக்கத்தில் இருந்தது. மலை அரைத் தூக்கத்தில் இருந்தது. நானும் ஒரு காதை மட்டும் விழிக்கவைத்துக்கொண்டு, மீதியெல்லாம் கனவாக நடமாடிக்கொண்டிருந்தேன். வெந்நீர் கொதிக்கிற சத்தம் தூரத்து அருவி போலக் கேட்கும். துவைத்துக் காயாமல் கிடக்கும் துணிகள், யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல நாற்காலிகளில் சாய்ந்திருக்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அந்த அறையின் வெள்ளையும் வெளியே பனியின் வெள்ளையும் ஒன்றாகிவிடுகிற நேரங்களில், கட்டில் மட்டும் தனியாக மிதப்பதாகத் தோன்றும். அதில் அவள், கரைக்குப் போக அவசரமில்லாத ஒருத்தியைப் போல.

எங்கள் வீடு தலைச்சோலைக்குப் போகிற பாதையில், மேட்டின் மேல் இருக்கிறது. கீழே வளைவில் மஞ்சக்குட்டை பஸ் திரும்பும்போது நீளமாக ஹாரன் அடிக்கும். பனி நாளில் எதிரே வருகிற ஜீப் தெரியாது என்பதால் வளைவு முழுவதும் அடித்துக்கொண்டே வரும். காலை பஸ்ஸும் மாலை பஸ்ஸும் மாத்திரை நேரத்தை ஒட்டியே வந்தன. போனில் அலாரம் வைத்திருந்தேன், நம்பியதும் அதைத்தான். ஆனாலும் அவள் ஹாரனுக்குத்தான் கை நீட்டுவாள்.

"டிரைவரண்ணன் சொல்லிப்போட்டாரு. முழுங்கச் சொல்றாரு, குடுங்க."

நான் சேலத்துக்காரன். ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. கல்யாணமாகி அவள் ஊருக்கு வந்த பிறகும் காரணமே இல்லாமல் பஸ் ஏறுவேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, அந்த பஸ் திரும்பும்போது நானும் திரும்புவேன். "எங்கூட்டுக்காரரு பஸ்ஸுக்கு வாக்கப்பட்டவரு, நான் ரெண்டாந்தாரம்" என்று அவள் தோட்டத்து வேலைக்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளை அறைக்குள் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று எல்லோருக்கும் சந்தேகம். எனக்கே சந்தேகம்தான். அதற்கு அவளே ஒரு வழி செய்தாள்.

காப்பித் தோட்டம் அவளுடையது. அப்பன் வழியில் வந்த பங்கு. வீட்டுக்குப் பின்னால் தொடங்கிச் சரிவில் இறங்கி, கிணற்று மேடு வரைக்கும் போகிறது. பழம் சிவக்கிற காலம் அது. வாசலைத் தாண்டி அவள் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது. அதனால் என்னை அனுப்பினாள். நான் அவள் கண்ணாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குளித்து, துணி மாற்றி, கட்டிலுக்குத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

"என்னத்தப் பாத்தீங்க?"

"மிளகுக் கொடியெல்லாம் பனியில நனஞ்சு, மரத்துக்கு மரம் யாரோ பச்சைச் சேலை கட்டிவிட்ட மாதிரி..."

"சேலைய வுடுங்க. பறிச்ச செடிக்கு அடியில பழம் சிந்திக் கெடக்குதா, பொறுக்கிட்டாங்களா?"

நான் பார்க்கவில்லை.

"அப்ப யாரு சேலையப் பாத்துட்டு வந்தீங்க? போயிட்டு வாங்க மறுக்கா."

மறுபடி போவேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சரிவில் இறங்கும்போது பனி முழங்காலைத் தொடும், பிறகு இடுப்பை, பிறகு தோளை. உள்ளே போனால் ஆட்களின் குரல் மட்டும் இருக்கும், ஆள் இருக்காது. யாரோ ஒரு பெண் சிரிப்பாள், பக்கெட்டில் பழம் விழும், எங்கோ குருவி ஒன்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பி மேட்டைப் பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மங்கலான வெளிச்சம். அதுதான் அவள். எவ்வளவு தூரம் போனாலும் அந்த வெளிச்சத்திலிருந்து ஒரு நூல் என் முதுகில் கட்டியிருப்பது போல இருக்கும்.

ஒருநாள் சோம்பலில் பாதியிலேயே திரும்பிவந்து, கிணற்று மேட்டில் பழம் நன்றாகச் சிவந்துவிட்டது என்றேன்.

"பொய்யி. நீங்க கெணத்து மேட்டுக்குப் போகவே இல்ல."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அங்க போயிட்டு வந்தா உங்களுக்கு மூச்சு வாங்கும். நீங்க பேசறதுல மூச்சே வாங்கல."

இப்படியாக அவள் கட்டிலில் இருந்தபடியே தோட்டத்தையும் என்னையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்து வந்தது. ஊசிக் குழாய்களின் தடம் கையில் மெல்ல மறைந்தது. அவளுக்கு ஒரே குறைதான்: சாப்பாடு. பச்சையாக ஒன்றும் வாயில் படக் கூடாது. எல்லாம் வெந்து, குழைந்து, மறுபடி வெந்து வர வேண்டும். என் சமையலின் லட்சணம் வேறு. "உப்பு இல்லாததுக்கு ஆஸ்பத்திரியச் சொல்லலாம். ருசி இல்லாததுக்கு யாரச் சொல்றதுங்க?" என்பாள். பழத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் ஒரு வாசல் திறந்துவிட்டிருந்தார்கள். திராட்சை, கொய்யா போலத் தோலோடு தின்பது வேண்டாம். தோல் தடித்த பழமாகப் பார்த்து, நன்றாகக் கழுவி, உரித்துக் கொடுக்கலாம்.

இதை நான் முதலில் சொன்னது பாயிடம். ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் குடும்பமும் சேலத்திலிருந்து வந்து வேர்விட்டதுதான். என் மனைவி பாவாடை கட்டின காலத்திலிருந்து அந்தக் கடையில் பொட்டுக்கடலை வாங்கித் தின்றவள். அவருக்கு அவள் தங்கச்சி. அந்த முறையில் நான் மச்சான். மச்சான் என்றால் சும்மா விடுவாரா?

"என்ன மச்சான், தங்கச்சிய ஊட்டுக்குள்ள பூட்டிப்போட்டு நீங்க பஜார்ல உலாத்துறீங்களாக்கும்?"

"பாக்க யாரும் வரக்கூடாதாமுங்க பாய். பழங்கூடத் தோல் தடிச்சதுதான் ஆகுமாம்."

"தோல் தடிச்சதா?" என்று என்னை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். "அப்ப உங்களத்தான் உரிச்சுக் குடுக்கோணும்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். ஜீப்புக்குக் காத்திருந்த பெண்கள் இருந்தார்கள். அந்த ஒரு வரி பஸ் ஏறிவிட்டது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க எங்கள் மலையில் யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். போகவே கூடாது என்று ஆனபோது, கையில் இருப்பதையாவது அனுப்ப வேண்டாமா? தோல் தடிச்சதுதான் ஆகுமாம் என்ற செய்தி தலைச்சோலைக்குப் போனது, மஞ்சக்குட்டைக்குப் போனது, போன இடத்திலெல்லாம் ஒரு போட்டியைக் கிளப்பிவிட்டது.

முதலில் மலை வாழைப்பழம் வந்தது. பிறகு ஆரஞ்சு. "ஆரஞ்சுத் தோலெல்லாம் ஒரு தோலா? கிள்ளினாக் கிழியுது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே மலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பழம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பம்பளிமாஸ். எஸ்டேட் வேலியோரங்களில், வீட்டுப் புழக்கடைகளில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் காய்த்துத் தொங்குகிற பழம். ஒரு கையில் அடங்காது. தோல் என்றால் அதுதான் தோல். பச்சையும் மஞ்சளுமான மேல்தோலுக்கு அடியில் பஞ்சு மெத்தை மாதிரி விரல் தடிமனுக்கு வெள்ளை. அதற்குள் கிருமி நுழைய வேண்டுமென்றால் கிருமி நடந்தே களைத்துப்போகும்.

பழங்கள் பாய் கடையில் சேரும். அவர் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றுவார். கீழ் வளைவில் பஸ் நிற்கும், கண்டக்டர் கத்துவார்: "ஏனுங்க! பழம் வந்துருக்குதுங்க! எறங்கி வாங்க!" பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் மட்டும் மேலேறி வரும். நான் இறங்கிப்போய், முகம் தெரியாத கைகளிலிருந்து கனமான சாக்கை வாங்கிக்கொண்டு ஏறுவேன். யார் கொடுத்தது என்று கேட்டால் ஒரு ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். தாழ்வாரத்தில் அவற்றைத் துடைத்து அடுக்கிவைத்தேன். பனி இறங்குகிற மாலைகளில் அவை சின்னச் சின்ன நிலாக்கள் குவிந்து கிடப்பது போலத் தெரியும். ஒரு மலையின் அன்பு மொத்தமும் உருண்டு வந்து என் வாசலில் கிடந்தது.

முதல் பழத்தை உரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். கையை முழங்கை வரை கழுவினேன். பஞ்சைப் பிரித்து, சுளையைப் பிரித்து, சுளையின் மேல் இருந்த காகிதத் தோலையும் உரித்து, உள்ளே கண்ணாடித் துளிகள் அடுக்கியது போலிருந்த இளஞ்சிவப்புச் சதையை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு சுளையை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நெடுநேரம் திறக்கவில்லை.

"என்ன புள்ள?"

"நாக்கு இன்னும் இருக்குதுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். காலையில் ஒரு கிண்ணம், சாயந்திரம் ஒரு கிண்ணம். புது உறுப்பு வந்தால் புது ஆசையெல்லாம் வருமாமே, இது அந்தப் புண்ணியவான் ஆசையா என்று போனில் ஒரு உறவுக்காரி கேட்டாள். "எனக்குப் பழைய ஆசையே இன்னும் தீரலியே, அடுத்தவங்க ஆசைக்கு எங்கிட்ட எடமேது?" என்று இவள் சொல்லிவிட்டு, எனக்குக் கிண்ணத்தைக் காட்டினாள். இன்னும் போடு என்று பொருள். உரிக்கிற வேலை என் கால்களைக்கூட அடக்கிவிட்டது. பஞ்சின் மணம் விரலில் ஏறிக்கொண்டது. தூங்கும்போதும் அது என்னோடு இருந்தது.

பிறகு ஒருநாள் அவள் டம்ளரில் வெந்நீர் குடிக்கும்போது நீர் நடுங்குவதைப் பார்த்தேன். கீழே பாதையில் ஏதோ லாரி போவதாக நினைத்தேன். லாரி எதுவும் போகவில்லை. அவள் கைதான்.

"குளுருங்க. வேறொண்ணுமில்ல."

கம்பளியை இழுத்துவிட்டேன். மறுநாள் சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்தாள். நூல் ஊசியின் காதைச் சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே போகவில்லை. அவள் ஊசியை மெத்தையில் குத்திவைத்துவிட்டு, பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர்தான் என்று நானும் இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டேன்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் காரில் மலையிறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பனி மெலிந்துகொண்டே வந்து, அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது, தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது போல. ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற சிறுநீரகத்தின் கணக்கு, ஏறக் கூடாதது, ஏறியிருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு முறை பார்த்தார்.

"வெளிச் சாப்பாடு எதாவது? நாட்டு மருந்து, கஷாயம்?"

"இல்லீங்க. எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதானுங்க. பழங்கூடத் தோல் தடிச்சதுதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லது" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: காவல் விழித்துக்கொண்டிருக்கலாம், உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஒதுக்கப் பார்க்கலாம். மருந்தின் அளவைப் பார்க்கவும் ரத்தம் எடுத்திருக்கிறோம், அது வர நேரமாகும். நாளை மறுநாள் தங்குகிற ஏற்பாட்டோடு வாருங்கள். அப்போதும் ஏறியிருந்தால் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மலையேறினோம். பனி திரும்ப வந்து காரை மூடிக்கொண்டது. அவள் வலது கையைச் சேலைக்குள், வயிற்றின் அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். புதியதை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். போகாதே என்று பிடித்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது, பயப்படாதே என்று தட்டிக்கொடுப்பது போலவும் இருந்தது.

இடையில் கிடைத்த அந்த ஒருநாள், என் வாழ்க்கையிலேயே நீளமான நாள். சரிவில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். செடிகள் என்னை யாரென்று கேட்டன. அவள் இல்லாத இந்தத் தோட்டத்தை நினைத்துப் பார்க்க மனம் ஒரு அடி எடுத்து வைத்தது. நான் அதை முடியைப் பிடித்து இழுத்துவந்தேன். பழைய டயாலிசிஸ் நாற்காலி கண்ணில் வந்தது. அதில் அவள் சுருங்கிச் சுருங்கிச் சின்னப் பெண்ணாகிக்கொண்டிருந்த காலம் வந்தது. வீட்டுக்கு வந்தேன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"பழம் மட்டும் ரெண்டு சொளை சேத்துக் குடுங்க. வாய்க்கு அதுதான் கேக்குது."

சேர்த்துக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். பஞ்சில் ஒரு இழைகூட இல்லாமல் உரித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் துணிப்பையோடு கிளம்பினோம். பஜாரில் பாய் கடையை விட்டு இறங்கி, காரின் குறுக்கே வந்து நின்றார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. மூடின கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, துஆ பண்ணிக்கிட்டே இருக்கறேன் சாமி. ஒண்ணும் ஆகாது."

என் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு பையைத் திணித்தார். இருந்ததிலேயே பெரிய இரண்டு பம்பளிமாஸ்.

"டாக்டரம்மாவுக்கு ஒண்ணு, நர்சம்மாவுக்கு ஒண்ணு. நம்ம மலையில இருந்து வெறுங்கையோட போகாதீங்க மச்சான்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தோம். கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஊசிக்கான நேரத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். எனக்குச் சொற்கள் காதில் விழவில்லை, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், பையிலிருந்து பழங்களை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கே கிடைச்சது?"

"எங்க மலைப் பழமுங்க. ஊர்ல அத்தன பேரும் குடுத்தனுப்பறாங்க. தோல் தடிச்சதுதான் ஆகும்னு சொன்னீங்கள்ல, அதான் தெனமும் இவளுக்கு இதத்தான்..."

டாக்டரம்மா பழத்தைக் கீழே வைத்தார். சட்டென்று வைக்கவில்லை, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பது போல வைத்தார்.

"தினமும்னா எவ்வளவு?"

"காலைல ஒரு கிண்ணம், சாயந்திரம் ஒரு கிண்ணமுங்க" என்றாள் என் மனைவி. "நேத்து ரெண்டு சொளை சேத்தி."

அவர் போனை எடுத்து, மருந்தின் அளவு வந்துவிட்டதா என்று யாரையோ கேட்டார். வந்திருந்தது. கேட்டுக்கொண்டே கண்ணை மூடித் திறந்தார். பிறகு எங்களிடம் குனிந்து, குழந்தைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். குடல் வழியாகப் போகும்போதே அந்த மாத்திரையில் ஒரு பங்கை உடம்பு கரைத்துத் தள்ளிவிடும். இந்தப் பழத்தின் சாறு அதைத் தள்ளவிடாமல் தடுத்துவிடுகிறது. போட்ட மாத்திரை எல்லாம் ரத்தத்திலேயே சேர்ந்துவிட்டது. அளவுக்கு மேல் சேர்ந்தால் கை நடுங்கும்; எந்தச் சிறுநீரகத்தைக் காக்க மாத்திரை போடுகிறோமோ அதையே அது வாட்டும்.

"காவல் முழிக்கல, அம்மா. ரொம்பத் தூங்கிக்கிட்டிருக்கு. இதுவாத்தான் இருக்கணும். மாத்திரையைக் கொஞ்சம் நிறுத்தி, குறைச்சுப் பார்ப்போம். ஊசியைத் தள்ளி வைப்போம்." பிறகு என்னைப் பார்த்தார். "எங்க ஊர்ப் பக்கம் இந்தப் பழத்தை நான் பார்த்ததே அபூர்வம். அதனால சொல்லணும்னு தோணல. வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் மனசுல வச்சுத்தான் நாங்க தோல் தடிச்சதுன்னு சொல்றது."

நான் மேஜையின் மேலிருந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. பஜாரில் ஏறி, மலையிறங்கி, தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்க வந்த பழங்கள். அவற்றைத் திரும்பப் பைக்குள் போடக் கை நீட்டினேன்.

"அது இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. "எனக்கு ஒண்ணும் ஆகாது."

முதலில் சிரித்தது என் மனைவிதான். சிரிப்பு நிற்காமல் போய், முகக்கவசம் நனைந்து, வேறொன்று மாற்ற வேண்டியதாயிற்று.

அங்கேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். கணக்கு முதலில் நின்றது. பிறகு, ஏறினதைவிட மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கத் தொடங்கியது. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். முழுக்க இறங்கிவிட்டதா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும்.

திரும்பி வரும்போது பஜாரில் காரை நிறுத்தி நான் மட்டும் இறங்கினேன். பாயிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொற்களை உரித்துக்கொண்டே வந்திருந்தேன். சொன்னேன். அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலதான மச்சான் மூட்டை கட்டி ஏத்துனேன்."

"நான்தான உரிச்சுக் குடுத்தேன் பாய்."

"அல்லாவே, தங்கச்சி மூஞ்சிய எப்படிப் பாப்பேன் நானு."

காருக்குள்ளிருந்து போன் வந்தது. அவள்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, அந்த ரெண்டு பழத்த நீங்க குடுக்காம இருந்திருந்தா எனக்கு ஊசி குத்தியிருப்பாங்க. கடையப் பாருங்க. உப்புமில்ல, சப்புமில்ல, இவரு சமையலத் திங்கோணும் இனி. அதுக்கு அழுவுங்க வேணும்னா."

பாய் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோல் தடிச்சவருதான் மச்சான் நீங்க" என்று என் தோளில் ஒரு அடி போட்டார். புதுச் செய்தி அந்த மாலை பஸ்ஸிலேயே மலை முழுவதும் ஏறிப் போனது: பம்பளிமாஸ் ஆகாதாம்.

தாழ்வாரத்து நிலாக்களை ஒவ்வொரு சாக்காக ஜீப்பில் ஏற்றி மஞ்சக்குட்டைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த வீடு எதைக் கொடுத்தது என்று தெரியாததால், கொடுத்தவர்களுக்கே கொடுத்தேனோ என்னவோ. எப்படியோ ஒரு பழம் மட்டும் வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் உருண்டு தப்பியிருந்தது.

தை பிறந்து பனி மெலியத் தொடங்கிய ஒரு சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் வயிற்றின் அந்தப் பக்கத்தில் கையை வைத்து, மெல்லத் தட்டினாள். பிறகு கேட்டாள்.

"அடுப்புக்குப் பின்னால ஒண்ணு கெடக்குதே, அத எடுங்க."

"உனக்கு ஆகாது புள்ள!"

"எனக்கில்ல. நீங்க தின்னுங்க. வெளிய, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு. நான் பாக்கோணும்."

வெளியே போய் நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே அவள், வெளியே நான், எனக்குப் பின்னால் கலைந்துகொண்டிருக்கும் பனி. இத்தனை நாள் அது நின்று பார்த்த இடத்தில் இப்போது நான் நின்றேன். பழத்தைப் பிரித்தேன். இவ்வளவு உரித்தவன் ஒரு சுளைகூடத் தின்றதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்றை வாயில் போட்டேன்.

"எப்படிங்க இருக்குது?" உள்ளேயிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"கசக்குது" என்றேன் சத்தமாக. "வாயில வைக்க முடியல. வெறும் கசப்பு."

அவள் கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

"பொய்யி."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கசந்தா மூஞ்சி சுளிக்கும். உங்களுக்குக் கண்ணு மூடிக்கிச்சு." பிறகு கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி வந்தாள். "சேலை கீலையெல்லாம் கட்டாம, உள்ளது உள்ளபடி சொல்லுங்க."

இன்னொரு சுளையைத் தின்றேன். மெதுவாக, அவளுக்காக.

"மொதல்ல புளிப்பு. அப்புறம் இனிப்பு. முழுங்குனதுக்கு அப்புறம், நாக்கோட அடியில, கொஞ்சூண்டு கசப்பு."

அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. "ம்" என்றாள். "அதேதான்."

கீழே வளைவில் மஞ்சக்குட்டை பஸ் ஹாரன் அடித்தது. நான் கையைக் கழுவப் போவதற்குள் அவளே மாத்திரையை எடுத்துக்கொண்டாள். டம்ளரைத் தூக்கினாள். விளிம்பு வரை நீர் இருந்தது. கண்ணாடி வழியாக நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் அசையவில்லை.